கோவளத்துக் கோட்டையும் மெய்ப்பொருளார் வாயிலும்

'கோட்டை விட்டான்' என்பது நம் நாட்டார் நாளும் வழங்குந் தொடர்களுள் ஒன்று. சந்தையிற் பணமுடிப்பை இழந்தவனையும், தேர்வில் ஒரு வினாவைக் காணாது விடுத்த மாணவனையும், சீட்டு நடத்துவானிடம் பொருளைக் கொடுத்து ஏங்கி நிற்பவனையும் இவ்வொரு தொடராலேயே சுட்டுவர். கோட்டையைக் கண்ணாலுங் காணாதவர் நாவிலும் இது பயில்கின்றது. பகைவர் மதிலேறிப் பொருது கொண்ட கோட்டையை 'விட்ட கோட்டை' என்பாரில்லை. காத்தற்குரியவன் கையினின்றும் சோர்வினால் நழுவியதனையே அங்ஙனம் கூறுவர். ஆகலின் இத்தொடரிற் பழியெல்லாம் காவலன் மேலது; கொண்டவன் பெயரே இதன்கண் இல்லை. இத்தொடர் ஓரெழுத்தும் மிகையின்றிப் பொருந்தும் ஓரிடம் சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் கடற்கரையில் உள்ளது. அதுவே கோவளம்.

இக்காலத்துக் கோவளஞ் செல்வோர் அங்கே மீனவர் குடியிருப்பையும், தர்க்காவையும், மாதா கோயிலையும், கோட்டை நின்றவிடத்தே எழுந்த உயர்ந்த தங்கும் விடுதியையும் காண்பர். பதினெட்டாம் நூற்றாண்டிலோ அது பல நாட்டு வணிகர் கண் வைத்த துறையாயிருந்தது. பெல்சிய நாட்டு ஆஸ்டெண்டு நகரின் பெயரால் 1722-இல் ஆஸ்திரியப் பேரரசர் பட்டயம் பெற்றெழுந்த வாணிகக் கழகத்தார் இங்கே ஒரு பண்டகசாலை வைத்திருந்தனர். அக்கழகத்தின் பெயர் ஒன்று, முதல் இட்டவர் வேறு பலர். தத்தம் நாட்டுக் கும்பினிகளின் தனியுரிமையைக் கடக்க விரும்பிய ஆங்கிலரும் ஒல்லாந்தரும் அதன் கொடி நிழலில் மறைந்து வாணிகஞ் செய்தனர். பிற நாட்டார் நெருக்கத்தால் அக்கழகம் 1727-இல் நிறுத்தப்பட்டு, 1731-இல் ஒழிந்தது. கோவளம் வேடம் பூண்டாரைக் காண்பது அதற்குப் பின்னர்த்தான் தொடங்கிற்று என்று சொல்வதற்கில்லை.

ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீன்கான் அப்பழைய பண்டகசாலையினருகே ஒரு கோட்டை கட்டினார் என்பர் ஆர்ம் என்னும் ஆங்கில வரலாற்றாசிரியர். அந்நவாபு 1749-இல் ஆம்பூர்ப் போரில் இறந்துபட்டார். அவர் மைந்தர் முகம்மதலி திருச்சிராப்பள்ளியிற் புகலடைந்தார். பிரெஞ்சியர் தலைவர் டூப்ளேயின் துணையோடு சந்தாசாகிபு கருநாடகத்தைக் கைக்கொள்ள முயன்ற கலக காலம் அது. கோவளக் கோட்டை அப்பொழுது நவாபின் காவலரிடமே இருந்தது.

1750-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள் பிரெஞ்சியர் கப்பலொன்று கோவளத்துக்கு நேரே நங்கூரம் பாய்ச்சித் துன்பக்குறி காட்டிற்று. காவலர் படகேறிச் சென்று வினாவினர். கப்பலில் இருந்தாருட் பெரும்பாலார் கடற்பிணியால் மாண்டனர் என்றும், எஞ்சியவர் கப்பலைச் செலுத்தும் வலியிழந்தனர் என்றும், உடனே கரையேற்றாவிடின் அவரும் மாள்வர் என்றும் விடை வந்தது. கோட்டைத் தலைவன் இசைந்தான். நோயாளர் எனப்பட்டார் முப்பதின்மர் மெலிந்த தோற்றத்தோடு தள்ளாடிக் கோட்டையுட் புகுந்தனர். அவர் ஆடையினுள் படைக்கலம் இருந்தது. அன்றிரவே எழுந்து காவலரை மடக்கிக் கோட்டையைத் தமதாக்கிக்கொண்டனர்.

காவலனை மூடன் என்று நகுதல் எளிது. அக்காலத்துக் கடற்செலவை நோக்குவார் அங்ஙனம் நகார். காய்கனி உணவின்றி நெடுநாட் கப்பலில் உறைவார்க்கு ஈறு வீங்கிப் பற்கள் ஆடும்; ஆறிய புண் மீண்டும் வாய் திறக்கும்; நடத்தற்கும் வலியறும். 1740 முதல் 1744 வரை உலகைச் சுற்றிவந்த ஆன்சன் என்னும் ஆங்கிலத் தலைவனின் மாலுமிகளுள் மிகப்பெரும்பாலாரை மாய்த்தது பகைவர் வாளன்று, இந்நோயே. எலுமிச்சை, நாரத்தை இனத்துப் பழங்கள் இதனைத் தீர்க்கும் என ஜேம்ஸ் லிண்டு என்னும் மருத்துவர் 1747-இல் ஆய்ந்து கண்டும், அதனை நூலாக வெளியிட்டது 1753-இல். எனவே 1750-இல் ஒரு கப்பலினின்றும் 'நோயால் மடிகின்றோம்' என்று குரல் வருமாயின், அது நம்பத்தக்க சொல்லே. ஆண்டுதோறும் துறைமுகத்தார் கண்ணாற் கண்ட துன்பமே. வஞ்சகர் எப்பொழுதும் நடவாததொன்றைக் கூறி வஞ்சிப்பதில்லை. நாள்தோறும் நடப்பதனைக் கூறியே வஞ்சிக்கின்றனர்.

ஆர்ம் ஒரு சொல்லைச் சேர்த்துக் கூறுவர். தன் இரக்கத்துக்கு நல்ல கூலி கிடைக்கும் என்னும் ஆசையினாலேயே கோட்டைத் தலைவன் இசைந்தான் என்று. ஒருவன் நெஞ்சில் ஓடிய எண்ணத்தை அவர் எங்ஙனம் அறிந்தார் என்பது வினாவுதற்குரியது. ஏமாந்தவனைப்பற்றி உலகம் இரண்டே கதை சொல்லும்: ஒன்று அவன் பேதை என்பது, மற்றொன்று அவனும் பேராசைக்காரன் என்பது. இரண்டுங் கேட்பார்க்கு ஆறுதலளிப்பன. 'யாம் பேதையரல்லேம், பேராசையும் உடையேமல்லேம்; ஆகலின் யாம் ஏமாறேம்' என்று அவர் தம்முள் மகிழலாம். அவனுக்கு உண்மையாகவே இரக்கமிருந்தது என்றால், கேட்பார்க்கு அச்சம் பிறக்கும்.

ஈராண்டு கழிந்து 1752-இல் இராபர்ட்டு கிளைவ் இக்கோட்டையை மீட்கச் சென்றார். அவரொடு சென்றோர் இங்கிலாந்தினின்றும் புதிதாய் வந்திறங்கிய 200 பேரும், புதிதாய்ச் சேர்க்கப்பட்ட 500 சிப்பாய்களுமே. கோட்டையிலிருந்து வந்த குண்டொன்று ஒருவனைக் கொல்ல, ஏனையோர் சிதறியோடினர் என்றும், மற்றொருகால் பீரங்கி முழக்கத்துக்கு அஞ்சிய காவலாளியொருவன் சில நாழிகை கழித்துக் கிணற்றினடியிற் காணப்பட்டான் என்றும் மெக்காலே எழுதுவர். ஆயினுங் கோட்டை பணிந்தது. அதனை யறியாது செங்கற்பட்டிலிருந்து துணைப்படை புறப்பட்டு வந்தது. தாம் காலந்தாழ்த்தமை அவர்க்குத் தெரியாதபடி செய்து, வழியிற் புதர்மறைவிற் படையை நிறுத்தினார் கிளைவ். ஒரே வெடியில் நூற்றுவர் வீழ்ந்தனர், முந்நூற்றுவர் சிறைப்பட்டனர். பொய்ந்நோயாற் கொண்ட கோட்டை இங்ஙனம் ஒரு பொய்யமைதியோடு கைமாறிற்று. செங்கற்பட்டும் பின்னர்ப் பணிந்தது. கோவளக் கோட்டை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

இனி, ஏமாறுதல் என்னுஞ் சொல்லைச் சிறிது நோக்குவாம். 'மாறு' என்பது தன்வினை, 'மாற்று' என்பது பிறவினை. அவ்வாறே 'ஏமாறு' தன்வினை. 'ஏமாற்று' அதன்வழிப் பிறந்த பிறவினை. அஃதாவது, தமிழில் ஏமாறுதலே முதற்சொல். ஏமாற்றுதல் அதனினின்றுந் தோன்றியது. 'வஞ்சித்தல்' என்னுஞ் சொல்லோ வஞ்சிப்பவனை முன்னிறுத்தும். வஞ்சிக்கப்பட்டவனைச் சொல்லச் செயப்பாட்டுவினை வேண்டும். 'ஏமாந்தான்' எனின் அதற்கு ஒரு கருத்தாவும் வேண்டுவதில்லை. மழை பெய்யாமல் உழவனும் ஏமாறுவான். ஏமம் என்பது காவல், இன்பம் என்னும் பொருளது. ஏமாப்பு என்பதும் பாதுகாவலே. காவல் மாறி நிற்றலே ஏமாறுதல் என்று கொள்ள இடமுண்டு. அங்ஙனமாயின் 'ஏமாந்தான்' என்பதும் 'கோட்டை விட்டான்' என்பதும் ஒருபொருட் சொற்களே. ஏமாந்தவனுக்கு 'ஏமாளி' எனப் பட்டமிட்டது நம் மொழி.

உலகவழக்கில் இதற்கு வழங்குந் தொடர்கள் பல. கண்ணில் மண்ணைத் தூவினான் என்பர், தலையில் மிளகாய் அரைத்தான் என்பர், காதிற் பூச்சுற்றினான் என்பர், குல்லாய் போட்டான் என்பர், மொட்டையடித்தான் என்பர், நாமம் போட்டான் என்றுங் கூறுவர். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்து 420-ஆம் பிரிவு எத்துணை ஆழமாய் மக்கள் நாவில் ஊன்றிற்றெனின், 2024 சூலை 1 முதல் அச்சட்டம் நீங்கி வேறு சட்டத்தின் 318-ஆம் பிரிவு அவ்விடத்தில் வந்தபின்னும், மோசக்காரனை 'நானூற்றிருபது' என்றே கூறுகின்றனர். எண் மாறினும் ஏச்சு மாறவில்லை.

இவற்றுட் குல்லாயும் மொட்டையும் நாமமும் ஒரு குறிப்புடையன. சமயச் சின்னங்களும் கோலங்களும் மோசத்தைக் குறிக்குஞ் சொற்களாயினமை எக்காரணத்தால்? இது மாற்றார் சின்னத்தை இகழ்ந்ததன் பயன் என்று கருதி நாம் மகிழ்தற்கில்லை. 'உருத்திராட்சப் பூனை' என்னும் வழக்கு நம்முடைய மணியையே பற்றியது. கோவளத்தினின்றுந் தெற்கே அதே கரைவழிச் சென்றால் மாமல்லபுரம் வரும். அங்கே அருச்சுனன் தவம் என்றும் பகீரதன் தவம் என்றும் இருவேறாகக் கூறப்படும் பெரும் பாறைச் சிற்பத்திலே, முன்கால்களை மேலே உயர்த்தித் தவம் புரியும் பூனையொன்றும், அதனடியில் அச்சமின்றிச் சூழ்ந்த எலிகளும் உள. மாபாரதத்தும் இப்பூனையின் கதை வருகின்றது. உண்மைத் தவத்தைப் பேருருவாக அமைத்த பல்லவர் காலத்துச் சிற்பி, அப்பாறையிலேயே பொய்த்தவத்தையும் அமைத்துவைத்தான். திருவள்ளுவர் கூடாவொழுக்கம் என ஓர் அதிகாரமே வகுத்துத் தவமறைந்து அல்லவை செய்வானைப் புதரில் மறைந்து புட்களைப் பிடிக்கும் வேட்டுவனோடு ஒப்பிட்டார். புதரில் மறைந்த கிளைவின் படையை இவ்வுவமை நினைப்பிக்கும்.

வேடத்தின் மறைவில் வந்த வஞ்சம் சைவ நன்மக்களுக்குப் புதிதன்று. கோவளத்தினின்றும் வடமேற்கே தாம்பரத்தைக் கடந்தால் குன்றத்தூர் உள்ளது. அவ்வூரிற் பிறந்த சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் வரலாற்றிலே இதனைத் தயக்கமின்றி எடுத்துரைத்தார். திருக்கோவலூரிலிருந்து சேதிநாட்டை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைப் பலகாற் போரில் எதிர்த்துத் தோற்ற முத்தநாதன், வாளால் ஆகாததனை வேடத்தால் முடிக்கக் கருதினான். மெய்யெலாம் நீறு பூசினான், சடைமுடி கட்டினான், சுவடி பொதிந்தது போன்ற ஒரு கட்டில் உடைவாளை மறைத்தான். ஒளி தருவதுபோற் காட்டி உள்ளே மையைப் பொதிந்த விளக்கொன்றை அவன் மனத்துக்கு உவமையாக்குவர் சேக்கிழார். வாயில்தோறும் காவலர் வணங்கி வழிவிட்டனர். உள்வாயிலில் நின்ற தத்தன் மட்டும் அரசர் துயில்கின்றார், காலமறிந்து செல்க என்று கூறினான். அவனையுங் கடந்து சென்ற வஞ்சகன், எங்குமில்லாத ஓராகமத்தைக் கொணர்ந்தேன் என்றான். தேவியாரையும் நீங்கச் செய்தான். அரசர் அவனை உயர்ந்த ஆசனத்தில் இருத்தித் தாம் நிலத்திலிருந்து வணங்கும்பொழுது, நினைந்த செயலை முடித்தான்.

கப்பலோர் நோயை மறைவாகக் கொண்டனர்; முத்தநாதனோ நூலை மறைவாகக் கொண்டான். அரசர்பால் உணவுக்கும் பொருளுக்கும் வந்தேன் என்று அவன் கூறவில்லை. ஆகமம் என்று கூறினான். அரசருடைய பசி எதுவென்று அறிந்து, அதற்குரிய இரையையே காட்டினான். சுவடி தாங்கி வாதமிடுவேமாகிய யாம் இவ்விடத்தே சிறிது நாணுதல் தகும்.

தத்தன் வாளோடு பாய்ந்தான். வீழ்கின்ற அரசர் கையாற் றடுத்து, இவர் நம்மவர் என்று கூறி, அவனை ஒருவருந் தீங்குசெய்யாதபடி நாட்டெல்லை கடத்திவிடுமாறு பணித்தார். செய்தி பரவிக் குடிமக்கள் வழியெங்குஞ் சூழ்ந்தனர். அரசர் ஆணையைக் கூறித் தத்தன் அவர்களை விலக்கிச் சென்றான். ஏனாதிநாதர் வரலாறும் இதனோடு ஒத்தது. வாட்பயிற்சித் தொழிலிற் பொறாமைகொண்ட அதிசூரன், நாளும் நீறணியாதவன், அன்று மட்டும் நெற்றியில் நீறணிந்து கேடகத்தால் அதனை மறைத்து வந்து, பொரும்பொழுதிற் காட்டினான். நீற்றைக் கண்ட நாயனார் பொருதலை ஒழிந்தார். ஆயினும், படையில்லாதவனைக் கொன்றான் என்னும் பழி அவனுக்கு எய்தலாகாதென்று, வாளையும் கேடகத்தையும் எறியாது கையிற் பிடித்தவாறே எதிர்நின்றார். தம்மைக் கொல்வானுக்கு ஒரு பழி குறைய வேண்டுமென எண்ணியவரை 'ஏமாளி' என்னுஞ் சொல்லால் எங்ஙனம் அளப்பது?

மெய்ப்பொருளார் செய்தது அரசியலறியாச் செயல் என்பார் உளர். 'தம்முயிரைத் தருதல் அவர் உரிமை; காவலற்ற நாட்டை விடுதல் அவர் உரிமையோ?' என்று அவர் வினாவுவர். இத்தடை எளிதிற் றள்ளத்தக்கதன்று. சேக்கிழாரும் இதனை மறந்தாரல்லர். உயிர் பிரியுமுன் அரசுரிமைக்குரியாரையும் அமைச்சரையும் நோக்கி நாயனார் அறிவுறுத்தியதனை விதந்து ஓதுகின்றார். ஆயினும், அத்தடைக்கு உரிய விடை பிறிதோரிடத்திற் கிடைக்கும் என்பது எம் கருத்து.

1977-ஆம் ஆண்டு சூன் 8-இல் செனீவா ஒப்பந்தங்களுக்கு முதற் பின்னிணைப்பு ஒன்று எழுதப்பட்டது. அதன் 37-ஆம் விதி போரிற் செய்யத்தகும் சூழ்ச்சியையும் தகாத வஞ்சத்தையும் பிரித்துரைக்கின்றது. மறைந்திருத்தல், போலிப் படை காட்டுதல், பொய்ச்செய்தி பரப்புதல் ஆகியன தகுஞ் சூழ்ச்சி. பகைவன் வைத்த நம்பிக்கையை ஆயுதமாக்கிக் கொல்லுதலும் சிறைபிடித்தலும் தகா வஞ்சம். அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்பட்டவற்றுள் ஒன்று, காயத்தாலோ நோயாலோ செயலற்றார் போல நடித்தல். ஆகவே புதரில் மறைந்த கிளைவ் இவ்விதிக்குத் தப்புவர். கோவளத்து நோயாளர் தப்பார். உதயணனைப் பொறியானையாற் பிடித்ததாகப் பெருங்கதை கூறுவதும், துரோயா நகரத்து மரக்குதிரையும் எப்பாலவை என்பதனை நூல்வல்லார் ஆராய்க.

இப்பிரிவுக்குக் காரணம் யாது? பொய்ந்நோயாளன் ஒருவன் கோட்டையைக் கொண்டால், அவனுக்குப் பின்வரும் மெய்ந்நோயாளர் அனைவர்க்கும் கதவு அடைபடும். அடுத்த கப்பல் உண்மையாகவே துன்பக்குறி காட்டி நிற்கும். கரையிலுள்ளார் கோவளத்தை நினைந்து வாளா இருப்பர். முப்பதின்மர் கொண்டது ஒரு கோட்டையை மட்டுமன்று.

இதனை உட்கொண்டு திருக்கோவலூர் வாயிலை மீண்டும் நோக்குக. தத்தன் வாள் அன்று முத்தநாதன் மேல் வீழ்ந்திருப்பின், வீழ்வான் ஒரு கொலைஞன். ஆயினும் மக்கள் கண்டிருப்பது நீறணிந்த சடாமுடியார் ஒருவர் அரண்மனையில் வெட்டுண்டதனையே. அன்று முதல் சேதிநாட்டில் நீறணிந்து நடப்பார் ஒவ்வொருவரையும் வாயிற்காவலர் ஐயத்தோடு நோக்குவர். கட்டை அவிழ் என்பர். உண்மை அடியார் புறத்தே நிற்பர். வஞ்சகன் அரசரைக் கொன்றான். திருவேடத்தைக் கொல்ல அவனால் ஆகவில்லை. அதனைக் கொல்லும் ஆற்றல் தத்தன் வாளுக்கே இருந்தது. நாயனார் தடுத்தது அதனையே. குத்துண்டு வீழ்ந்தாரையே வென்றவராகச் சேக்கிழார் கூறியதன் நுட்பம் இதுவெனக் கொள்வாம். சிவஞானபோதப் பன்னிரண்டாம் நூற்பா அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் அரனெனத் தொழுக என விதித்தபொழுது, வேடத்தினுள் இருப்பானை ஆராய்ந்து பின் தொழுக என்று விதித்திலது.

எம் வாழ்விலும் ஒன்று நிகழ்ந்தது. சில்லாண்டுகட்கு முன்னர் நீறும் மணியும் பொலிய வந்த ஒருவர், சிதைந்த சிவாலயமொன்றின் திருப்பணிக்கு என்று கூறி, எம்மிடமும் எம் தெருவார் சிலரிடமும் பொருள் பெற்றுச் சென்றார். அப்படி ஒரு திருப்பணி நடக்கவேயில்லை. பொருள் சிறிது, அதனை மறந்துவிட்டோம். மறக்க இயலாதது மற்றொன்று. அதன்பின் நீறணிந்தார் ஒருவர் வாயிலில் நின்றால் எம் கண் அவர் நெற்றியைப் பார்க்குமுன் கையைப் பார்க்கின்றது. ஏதேனும் இரசீதுப் புத்தகம் உளதோ என்று. இவ்விழப்புக்கு யாரிடம் வழக்கிடுவது? நம்மவர் சிலர் இக்காலத்துக் கைப்பேசித் திரையிற் காவலர் உடைபூண்டு தோன்றும் பொய்யரால் சேமிப்பெல்லாம் இழந்து, மெய்க்காவலர் அழைத்தாலும் நடுங்குகின்றமை இதனோடு ஒத்த துன்பமே.

இனி, வேடம் பூண்டு வருவான் பகைவன் மட்டுமல்லன் என்பதனை நம் சமயம் வேறெச் சமயத்தினும் மிகுதியாகக் கூறும். ஆரூரரை அடிமையெனக் கூறி ஓலை காட்டி வழக்கிட்ட முதியவர் யார்? திருநீலகண்டரிடம் ஓடு தந்து, அதனை மறைத்து, அவரையே கள்வரெனப் பழித்த சிவயோகியார் யார்? கோவணத்தை மறையச் செய்து அமர்நீதியாரைத் துலையேற்றிய மாணாக்கர் யார்? மூன்று கதையிலும் வந்தவர் கூறியது உலகவழக்கிற் பொய்யே. சம்பந்தப் பிள்ளையார் தம் முதற் பதிகத்திலேயே இறைவனை நெஞ்சங் கவர்ந்த கள்வராகக் கண்டனர். செங்கற்பட்டினின்றுந் திருப்போரூர் செல்லும் நெறியிலுள்ள திருவிடைச்சுரத்துத் தலவரலாறும் இத்தகையதே. வழிநடந்து இளைத்த பிள்ளையார் முன் இறைவர் இடையராய் வந்து மோரளித்து, வழிகாட்டி மறைந்தருளினார் என்பர். செங்கற்பட்டிலிருந்து கோவளத்தை நாடிப் புறப்பட்டு வழியிற் புதர்க்குப் பலியான படையினர் நடந்த நாடும் இதுவேயன்றோ!

உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில், குருவாகி வந்த இறைவனது மானுடத் திருமேனியை, விலங்கைக் காட்டி விலங்கைப் பிடிப்பார் கொண்ட பார்வை விலங்கோடு ஒப்பிட்டு, அஃது ஒரு போர்வை என்பர். வள்ளுவர் பொய்த்தவத்துக்குக் காட்டிய வேட்டுவனே ஈண்டுத் திருவருளுக்கு உவமையாயினான்! வேட்டுவன் ஒருவனே, பிடியுண்டபின் உயிர்க்கு ஆவதுதான் வேறு. ஓரிடத்தில் அது கொலையுண்ணும். மற்றோரிடத்தில் ஐம்புல வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்த அரசகுமரன்போல் மீட்கப்படும். அவ்வாசிரியரே ஆணவத்தைப்பற்றிக் கூறுகையில், புறவிருள் பொருள்களை மறைப்பினுந் தன்னையேனுங் காட்டும், ஆணவமோ தன்னையுங் காட்டாது என்பர். கோவளத்துத் தலைவன் அன்றிரவே தான் ஏமாந்ததனை அறிந்தான். அறிந்த அப்பொழுதே அவனது ஏமாற்றம் முடிந்தது. பிறவிதோறும் ஏமாந்தும் அதனை அறியாதிருக்கும் நம் நிலைக்கு அவன் நிலை எத்துணையோ மேல்.

மெய்ப்பொருளார் முத்தநாதனை உண்மை அடியாரென்று நம்பி ஏமாந்தனரா, அறிந்தே பணிந்தனரா என்று உரைகாரரும் புலவரும் வாதிடுவதுண்டு. வாள் உருவப்படுமுன் அவர் அறிந்தாரென்பதற்கு நூலிற் றெளிவான சொல் இல்லை, அறியாரென்றே கொள்க. வாள் பாய்ந்தபின் அவர்க்கு அறியாமை ஒருசிறிதும் இல்லை. தத்தனைத் தடுத்த கை, அனைத்தையும் அறிந்த கை. அந்நிலையிலும் அவர் உயிரைத் தாங்கிக் கிடந்தது எதற்காக? எல்லைவரை சென்ற தத்தன் திரும்பிவரும் நாழிகை முழுதும் காத்திருந்தார். சூழ்ந்த குடிகளை விலக்கி, வேறு மக்கள் வழங்காத காட்டெல்லை வரை அவ்வேடத்தாரை விடுத்து மீண்டேன் என்று அவன் வந்து கூறக்கேட்டு, இன்று எனக்கு நீ செய்த உதவியை யார் செய்வார் என்று மகிழ்ந்தார்.